இருபதில் எட்டுப் போய் ஐந்து வந்தால்

1991-ல் பிள்ளைப்பாக்கத்துப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் கலந்து வரும் கணக்குகளுக்கு, நான் படித்தபோது மனப்பாடம் செய்த போட்மாஸ் விதியையே கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அந்தச் சொல்லின் ஆங்கில எழுத்துகள் எந்த வரிசையில் வருகின்றனவோ, அதே வரிசையில் செய்ய வேண்டும். கூட்டலை முடித்த பிறகே கழித்தல் என்று அடித்துச் சொன்னேன்.

காலாண்டுத் தேர்வில் 20 – 8 + 5 என்று ஒரு கணக்கு. நாற்பத்தோரு பிள்ளைகள் எட்டையும் ஐந்தையும் முதலில் கூட்டி, இருபதில் கழித்து, 7 என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் 17. சிவப்பு மையால் அடித்துவிட்டேன்.

தாளைக் கொடுத்ததும் அவள் மேசைக்கு வந்தாள்.

“பஸ்ல இருபது பேர் கீறாங்க டீச்சர். எட்டுப் பேர் எறங்கிட்டாங்க, அஞ்சு பேர் ஏறிட்டாங்க. பதினேழு தானே?”

விதி விதிதான், போய் உட்கார் என்றேன். அவள் போகவில்லை. வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் ஒன்று போட்டேன்.

அன்று மாலை படப்பையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல் பாடப்புத்தகத்தைத் திறந்தேன். எந்த விதியைப் போட்டாலும், பதினேழு பேரில் ஏழு போக மீதிப் பத்துப் பேர் எங்கே போனார்கள் என்பதுதான் மண்டையைக் குடைந்தது. அந்தப் பாடத்தின் மூன்றாவது பக்கத்தின் அடியில் இருந்தது: கூட்டலும் கழித்தலும் மட்டும் இருந்தால் இடமிருந்து வலமாகச் செய்க. தெரிந்ததுதானே என்று நான் படிக்காமல் தாண்டிய வரி.

காலையில் முதல் வேலையாகத் தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். மதிப்பெண்ணெல்லாம் பதிவேட்டில் ஏற்றியாகிவிட்டது, இப்படியே விட்டுவிடுங்கள் என்றார். பிள்ளைகள் தப்பாகவே படிப்பார்களே என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“டீச்சருக்கே கணக்கு தெரியலன்னு அதுங்க வூட்ல போய்ச் சொல்லும். நாளைக்கு யாரு நம்மள மதிப்பா? நீங்க இன்னும் பர்மனன்ட் ஆவலம்மா.”

வகுப்புக்கு வந்தேன். அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். வந்தாள். சாக்பீஸை நீட்டினால், அதை வாங்காமல் உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றாள். இன்னொரு அடிக்குத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

அப்போது வாசலில் தலைமையாசிரியர் நிற்பதைப் பார்த்தேன்.

“இவ போட்டதுதான் சரி. நான் சொல்லிக்கொடுத்தது தப்பு. அடிச்சதும் தப்பு,” என்றேன். பிறகு நானே இடமிருந்து வலமாகப் போட்டுக் காட்டினேன்.

எங்கள் மார்க்கு போய்விடுமா என்று பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். தப்பு என்னுடையது, யாருக்கும் குறையாது, இவளுக்கு இரண்டு மார்க்கு கூடும் என்றேன். திரும்பிப் பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை.

மத்தியானம் பதிவேட்டைக் கேட்டுத் தலைமையாசிரியரிடமிருந்து ஆள் வந்தது. வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்த பதிவேட்டில் அவளுடைய மதிப்பெண் திருத்தப்பட்டு, பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம் இருந்தது. ஒரு மாதம் வரை அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் பிரம்பை அலமாரிக்குள் போட்டேன். பிறகு அதை எடுக்கவில்லை.

அந்தப் பெண் மட்டும் நோட்டை மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சட்டென்று நகர்ந்துவிடுவாள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த வாரம், தானாகவே பக்கத்தில் வந்து நின்றாள். நான் போட்ட ஒரு வகுத்தல் கணக்கு தப்பு என்றாள். இந்த முறை தப்பு அவளுடையது. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக இருவரும் போட்டுப் பார்த்தோம். மணி அடித்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.