சீர் மேடையில் என் கிரைண்டர்

மதுரையில் நான் தங்கப் போன ஹோட்டலின் பெயர்ப்பலகையில் மூன்று நட்சத்திரங்கள் இருந்தன. பலகை எழுதியவர்தான் அவற்றைக் கொடுத்திருக்க வேண்டும். காலை ஏழரைக்குப் போய் நின்றால், அறை பன்னிரண்டு மணிக்குத்தான் என்றார் டை கட்டிய மேனேஜர். பெட்டியை ரிசப்ஷனில் வைத்துவிட்டுப் போகலாம் என்பதைப் பெரிய உபகாரம்போலச் சொன்னார்.

பெட்டிக்குள் இருந்தது எங்கள் கம்பெனியின் புது மாடல் டேபிள்டாப் கிரைண்டர். கடைக்கு இன்னும் வரவில்லை, கைவசம் அந்த ஒன்றுதான். பதினொன்றரைக்குத் தல்லாகுளத்தில் ஒரு டீலரிடம் அதை ஓட்டிக் காட்டி ஆர்டர் வாங்க வேண்டும். ஆறு மாதமாக நான் டார்கெட்டைத் தொடவில்லை. இதுவும் போனால் வேலை போகும். எங்கள் மார்க்கெட்டிங் மேதைகள் பெட்டிக்குத் தங்க நிறத் தாள் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தே டீலர் மயங்கிவிடுவாராம்.

டிபன் சாப்பிட்டு, இரண்டு கடைகளில் தலையைக் காட்டிவிட்டுப் பத்தரைக்குத் திரும்பினால் பெட்டியைக் காணோம்.

“அதுவா மேடம்? மாடி ஹாலுக்கு ஏத்தியாச்சே. காதுகுத்து பங்ஷன். தாய்மாமன் சீர் மேளத்தோட வந்துச்சு, நம்ம பசங்க இதையும் சேத்துத் தூக்கிட்டாய்ங்க,” என்றார் மேனேஜர். சொல்லும்போது சிரிப்பு வேறு.

மாடிக்கு ஓடினேன். காது குத்தி முடித்திருந்தார்கள். மேடையில் பழத்தட்டுகளுக்கும் பட்டுப்பாவாடைக்கும் நடுவே என் கிரைண்டர், தாள் பிரித்து, சந்தனப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தது. மைக் பிடித்தவர் அதைத் தாய்மாமன் சீரென்று முழங்கிக்கொண்டிருந்தார். குழந்தையின் அப்பா வீட்டுப் பெண்கள் முன்வரிசையிலிருந்து அது என்ன கம்பெனி என்று எட்டிப் பார்த்தார்கள். தட்டுகள் ஏழுதான். கிரைண்டர் இல்லாவிட்டால் அந்தப் பெண்களின் வாய் என்ன பேசியிருக்கும் என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது.

தாய்மாமனுக்கு முப்பது வயதிருக்கும். புதுச் சட்டையில் மடிப்பு இன்னும் கலையவில்லை. என் பதற்றத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்து, பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

“என்னோடது இல்லைன்னு தெரியும் மேடம். சொல்லத்தான் போனேன். அக்கா மொகத்தப் பாத்தேன், வாய் வரல. பந்தி முடியிற வரைக்கும் இருக்கட்டும். நானே தூக்கிட்டு வாரேன்.”

“பதினொன்றரைக்கு எனக்கு மீட்டிங். இது கம்பெனிப் பொருள்.”

தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பின்னாலேயே வந்த மேனேஜருக்குத் திடீரென்று கடமையுணர்ச்சி பொங்கிவிட்டது. நேரே போய் மைக்கை வாங்கினார்.

“சின்னத் திருத்தம். கிரைண்டர் தாய்மாமன் சீர்ல சேராது. அது எங்க கெஸ்டோட பொருள்.”

யாரோ சிரித்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஹாலைக் கெடுக்க ஒரு மடையன் போதாதென்று நானும் போயிருந்தேன்.

கிரைண்டரைத் தாய்மாமனே கீழே தூக்கி வந்து, பொட்டைத் தன் துண்டால் துடைத்து, சோபா பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஐந்து நிமிடத்தில் டீலரிடமிருந்து போன் வந்தது. பரவையில் ஏதோ வேலையாம், நாலு மணிக்கு வரச் சொன்னார். நாலு மணிக்குள் மேலே பந்தி முடிந்து ஹாலையே கழுவிவிட்டிருப்பார்கள். மீட்டிங் மீட்டிங் என்று குதித்த என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. மறுபடி மேலே போய் என்ன சொல்வது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தாய்மாமன் தனியாக இறங்கி வந்தார். மேலே அப்போதுதான் இலை போடும் சத்தம்.

“சாப்பிடலையா?” என்று கேட்டேன்.

“பசிக்கல மேடம். ஊருக்குப் போறேன்.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “பதினொன்றரைன்னீங்களே, இன்னும் கெளம்பலையா?”

“ஆட்டோ கிடைக்கலை,” என்றேன்.

அவர் விறுவிறுவென்று வாசலுக்குப் போய் ஓர் ஆட்டோவை மறித்து, கிரைண்டரைத் தூக்கி வந்து சீட்டில் வைத்தார்.

“அண்ணே, வெரசாப் போங்க. மேடத்துக்கு மீட்டிங் இருக்கு.”

நான் ஏறி உட்கார்ந்தேன்.