பழவேற்காட்டில் அம்மா படித்த புத்தகம்

அம்மா இறந்து ஐந்து வாரம் கழித்து, 1971 அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, மீஞ்சூரிலிருந்து பழவேற்காட்டுக்குத் தனியாகப் போய்வந்தேன். பள்ளியில் சிறப்பு வகுப்பு என்று நைனாவிடம் பொய் சொன்னேன். அம்மாவின் ஊர்க் கரையில் கால் வைத்தால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவர் சொல்லியிருக்கிறார். இப்போது அடுத்த அறையில் தூங்குகிறார். அவர் இருமினால் நோட்டை மூடிவிடுகிறேன். தனியாகப் போக நினைக்கும் வகுப்புத் தோழிகள் இந்த நோட்டைப் படித்துவிட்டு என்னிடமே கொடுத்துவிடுங்கள்.

நானும் நைனாவும் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அம்மா பெறவில்லை. கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க, இறந்தவர்கள் பெயரை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். தாத்தா பெயரையும் பெரியப்பா பெயரையும் நைனா எழுதினார். அம்மாவை விட்டுவிட்டார். "அவ கடவுள அறியாமப் பூட்டா" என்றார்.

அந்த வாரம்தான் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொன்னார்: வேதத்தைக் கேள்விப்படாதவர்களும் படைப்பைப் பார்த்துப் படைத்தவரை அறியலாம், நீரும் பறவையும் அவர் எழுதிய இன்னொரு புத்தகம். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அந்தப் புத்தகத்தையாவது படித்தாளா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

காலை 6.40 பாசஞ்சர். பொன்னேரிக்கு முப்பது பைசா, இருபது நிமிடம். அங்கிருந்து 7.30 பஸ், பதினெட்டு கிலோமீட்டருக்கு அறுபது பைசா. இருபுறமும் நெல் வயல், மழைத் தண்ணீர் வரப்பைத் தொட்டு நின்றது. கண்டக்டர் விடவில்லை.

"கூட யாரும்மா?"

"சித்தப்பா அங்க நிக்கறாரு."

"எறங்கறப்போ காட்டு, பாக்கறேன்."

இறங்கியதும் யாரோ ஒரு மீன்காரருக்குக் கை காட்டினேன். நல்லவேளை, அவரும் காட்டினார்.

ஏரிக்கரைக்கு அரைமணி நடை. தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. அவ்வளவு பறவைகள் இருந்தும் அங்கே கோவிலுக்குள் இருப்பதுபோன்ற அமைதி. எனக்குப் பயமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சித்தி, அம்மாவின் தங்கை, கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, வேதக்காரப் பொண்ணுக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உங்க நைனா தோல உரிச்சுடுவாரே!" என்று சிரித்தவள், என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கேள்வியை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நானும் நண்டு பிரித்தேன். வயிற்றடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை அப்பியிருந்த பெரிய நண்டு ஒன்று கிடைத்தது. பெருமையாகக் கூடையில் போட்டேன். சித்தி என் கையில் பட்டென்று அடித்தாள்.

"சினை நண்டுடி அது! தண்ணியில வுடு."

"அதுதானே பெருசு?"

"உங்கம்மா இருந்தா உன்னியும் சேத்துத் தண்ணியில வுட்டிருப்பா. ஊட்ல அடுப்பு எரியாத அன்னிக்கும் சினைய எட்தது இல்ல அது."

"யார் பாக்கப் போறாங்க?"

"நானும் அப்டித்தான் கேட்டேன். 'இத்தினி தண்ணி, இத்தினி குஞ்சு, எல்லாத்தயும் ஒருத்தன் நெனப்பு வெச்சுக்கினு செஞ்சிருக்கான். அவன் பாக்க மாட்டானா'ன்னுச்சு."

"அவன் பேரு?"

"பேரு கீரெல்லாம் தெரியாது. செஞ்சவன்னு சொல்லும். அவ்ளோதான்."

நண்டை நானே முழங்கால் தண்ணீரில் இறங்கி விட்டேன். அது பக்கவாட்டில் நகர்ந்து சேற்றுக்குள் போகும்வரை பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: இரண்டு ரூபாய் தாராளம். கரை சேறு, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏரித் தண்ணீர் உப்பு, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். திரும்ப 3.15 பஸ்ஸைத் தவறவிட்டால் இருட்டிவிடும்.

சிஸ்டர் சொன்னதை நான் மனப்பாடம் செய்திருந்தேன். அம்மா அதைப் பசியோடு செய்திருக்கிறாள். அறியாமல் போனவள் என்று அவளை இனி யார் சொன்னாலும் நான் தலையாட்ட முடியாது.

பெயர்கள் எழுதிய தாள் நைனாவின் ஜெபப்புத்தகத்துக்குள் இருந்தது. பெரியப்பாவுக்குக் கீழே கன்னியம்மா என்று அம்மாவின் பெயரை எழுதிவிட்டேன். அவர் எழுத்தைப்போல் எழுத எனக்கு வரும், அப்படி எழுதவில்லை. காலையில் கேட்பார்.