கை மாறிய கயிறு

மழையில் நனைந்த தென்னங்கயிற்றுக்கு ஒரு வாசம் உண்டு. பாதி கடல், பாதி மண். மாத்தளைக் கடைத்தெருவில் இரும்புக்கடைக்காரர் நேற்று ஒரு கயிற்றுச் சுருளை வாசலிலேயே மறந்துவிட்டார். மழை வந்து அதை நனைத்துவிட்டுப் போயிருந்தது. குடையோடு கடந்துபோனவன் நின்றுவிட்டேன். உள்ளங்கை இரண்டும் தாமாக மூடிக்கொண்டன. இருபது வருடமாகப் பேனா பிடித்து மெத்தென்றாகிவிட்ட கைகள். எதையோ விட்டுவிடக் கூடாது என்று இன்னும் அவற்றுக்கு ஞாபகம் இருக்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருடம். எந்த ஊரிலும் மூன்று நாளுக்கு மேல் தரிக்காத கால்கள் எனக்கு. கொழும்பில் சைக்கிளோடு கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்கினேன். கன்னியாகுமரி போய், அங்கிருந்து வடக்கே, கால் ஓயும்வரை மிதிப்பதாக எண்ணம். இறங்கிய அன்றே, ஆறுமுகநேரி போகும் பாதையில், உப்பளங்களுக்கு நடுவே, வெயிலில் பற்றி எரிந்த உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். பாதையைப் பார்க்கவில்லை. தலையில் கயிற்றுச் சுருளோடு எதிரே வந்த மனிதர் மேல் ஏற்றிவிட்டேன்.

அவருக்குக் கை ஒடிந்தது. எனக்கு முழங்கால் கிழிந்தது. அவரையும், முன்சக்கரம் வளைந்த என் சைக்கிளையும் ஒரே மாட்டுவண்டியில் கடற்கரைத் தெருவுக்குக் கொண்டுபோனார்கள். அடி விழப்போகிறது என்ற நிச்சயத்தோடு பின்னால் நொண்டிக்கொண்டு போனேன். வீட்டு வாசலில் நின்றவர் அவருடைய தங்கை. அண்ணனின் கையைப் பார்த்தார், அழுதார், “மாதாவே” என்றார், என்னை வாய் ஓயத் திட்டினார். பிறகு என் முழங்கால் ரத்தம் கண்ணில் பட்டது. “நீயும் உள்ள வா தம்பி. மொதல்ல சாப்பிடு.”

அந்த ஒரு ‘தம்பி’தான் என்னை நாற்பது நாள் அந்தக் கரையில் கட்டிப்போட்டது. அவரை அக்கா என்றேன். ஒடிந்த கைக்காரரை அண்ணாச்சி என்றேன். அக்காவின் கணவர் அத்தான் ஆனார். அத்தான் சங்கு குளிப்பவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். கனத்த கல்லொன்றில் கால் பதித்து, அதன் பாரத்தோடு ஆழத்துக்கு இறங்குவார். அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனை படகில் இருப்பவன் கையில். கீழிருந்து ஒரு சுண்டு வந்தால் அந்தக் கணமே இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். கூடப்பிறந்தவளைத் தாலியறுக்க விடமாட்டான் என்பது அங்கே நம்பிக்கை. அத்தானுக்கு அண்ணாச்சியை விட்டால் வேறு மச்சினன் இல்லை. சங்குக் காலமோ சில மாதங்கள்தான். நான் ஒடித்தது ஒரு கையை அல்ல, ஒரு வீட்டின் பிழைப்பை என்பது மெல்லத்தான் உறைத்தது.

மூன்றாம் நாள் காலை அத்தான் காப்பியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “ஏளா, இவரத் தம்பின்னு கூப்பிட்டேல்லா?”

“ஆமா, அதுக்கென்ன?”

“அப்ப இவரு பிடிக்கட்டும் கயித்த.”

மூங்கில் பத்தைக் கட்டோடு மூலையில் கிடந்த அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்துவிட்டார். “ஏ மச்சான், சைக்கிள் பிரேக்கப் பிடிக்கத் தெரியாத பயகிட்டயா உசுரக் குடுக்கப் போற?”

அக்கா சிரிக்கவில்லை. என் கைகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “போய்ட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போவோம். பிற்பகல் கடற்காற்றில் திரும்புவோம். இடையில் உலகம் என்பது என் இரு கைகளுக்குள் நழுவும் ஈரக் கயிறு. ஒரு மனிதனின் மூச்சைத் தொட்டுக்கொண்டிருப்பது என்னவென்று அதற்கு முன் நான் அறிந்ததில்லை. தோல் உரிந்தது, காய்த்தது. கடலைப் பார்க்கக் கூடாது, வானத்தைப் பார்க்கக் கூடாது, கயிற்றைப் பார். பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள் அடிவானத்தில் கொழும்புக் கப்பல் புகைவிட்டுக்கொண்டு போனது. தலை தூக்கினேன். சில மூச்சு நேரம்தான். கயிறு சுண்டியிருக்கிறது, என் மனம் அதில் இல்லை.

அத்தான் தாமாகவே உதைத்து மேலே வந்தார். படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக, வெகு நேரம் மூச்சு வாங்கினார். என்னவென்று மற்றவர்கள் கேட்டபோது, “கயிறு பாறையில சிக்கிட்டு” என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் சொல்லாமல் ஓடிவிட நினைத்து, சரிசெய்திருந்த சைக்கிளை வாசலுக்கு உருட்டினேன். அத்தான் வந்தார். தோளிலிருந்த கயிற்றை எடுத்து என் தோளில் போட்டார். “வாரும் மாப்ள, காத்து விழுந்துரும்.” அவ்வளவுதான். அன்றிலிருந்து கடைசி நாள்வரை எத்தனை கப்பல் போனதோ, எனக்குத் தெரியாது.

அண்ணாச்சியின் கட்டு அவிழ்ந்து, கை கயிறு பிடிக்கும் பலத்துக்கு வந்தது. நான் புறப்பட்டேன். ஒடிந்து கூடிய அந்தக் கையாலேயே என் சக்கரங்களுக்குக் காற்றடித்துத் தந்தார் அண்ணாச்சி. “ஏலே, அடுத்து எவன் கைய ஒடிக்கப் போற?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தான் அந்த இடுப்புக் கயிற்றின் நுனியில் ஒரு பாகம் அறுத்து, அக்கா கட்டித் தந்த கருவாட்டையும் கருப்பட்டியையும் கேரியரில் வைத்து இறுக்கினார். முடிச்சை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

தெருமுனைவரை அக்கா மட்டும் நடந்து வந்தார். ஒரு மாதமாகத் தொண்டையில் கிடந்ததை அங்கேதான் எடுத்தேன். “அக்கா, அன்னைக்கு நான் கப்பலப் பாத்துட்டேன். அத்தானுக்கு மூக்குல ரத்தம் வந்தது…”

“தெரியும். துண்டத் தொவச்சது நாந்தான?” என்றார், மாதா கோவில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு. “மறுநாளும் ஒங்கையிலயே குடுக்கச் சொன்னதும் நாந்தான். அன்னைக்கு நீ சோத்தத் தொடலல்லா.”

பிறகு எத்தனையோ ஊர்கள், எத்தனையோ வீடுகள், எத்தனையோ வாசல்களில் கையசைப்புகள். அந்தக் கரைக்கு மட்டும் நான் திரும்பவே இல்லை. கயிறு என்னிடம் இருக்கிறது. காய்ந்து, வாசம் செத்து, அலமாரியின் அடித்தட்டில். நேற்றிரவு மறுபடி பெய்த மழையில் அதை வெளியே எடுத்து நனைத்தேன். வாசம் வந்தது. அதன் பின்னாலேயே அக்காவும் வந்தார். அன்று தெருமுனையில் செய்ததுபோலவே கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை வரைந்தார், சைக்கிளை முதுகுப்புறமிருந்து ஒரு தள்ளு தள்ளினார்.

“கப்பலப் பாக்காத தம்பி. ரோட்டப் பாத்துப் போ.”