குறவை கிடைத்த இடம்

தூண்டிலில் கோக்கும் மண்புழு வாடை இருக்கிறதே... மூன்று முறை சோப்பு போட்டாலும் விரல் இடுக்கை விட்டுப் போகாது. ஹாஸ்டல் மெஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் தட்டோடு எழுந்து போவார்கள்.

எம்.பில். ஆய்வுக்கு ஐந்து குறவை மீன், உயிரோடு வேண்டும். திங்கட்கிழமைக்குள் கொண்டுவராவிட்டால் ஆறு மாதம் தள்ளிப்போகும். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளை மிதித்து, கீழக்குயில்குடிப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனேன்.

தூண்டிலுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஓர் இடம் மாறினேன்.

தண்ணீர் வழியும் கலுங்கு ஓரம், களை பறித்துவிட்டு வந்த செல்வி என்ற பெண் மூங்கில் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள்.

"மீனு எங்கக்கா கெடைக்கும்?"

"இங்கன ஒண்ணுமில்லத்தா. அங்கிட்டு பனைமரத்துக்கிட்ட போ. அம்புட்டும் அங்கதேன்."

போனேன். முழங்கால் தண்ணீர், நான்கு எருமைகள். திரும்பிப் பார்த்தால் அவள் ஒரு குறவையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்!

கோபமாக வந்து நின்றதும் சிரித்தாள். "கேட்டா யாருத்தா சொல்லுவா? என் வீட்டுக் கொழம்பு இதுலதான இருக்கு. நீயென்ன, கால்ல சக்கரமா கட்டியிருக்க?"

குறவை காற்றுக் குடிக்க மேலே வரும் என்று வகுப்பில் படித்திருந்தேன். கரையைச் சுற்றிச் சுற்றி வந்ததில் ஒன்று தெரிந்தது... குமிழி எழுந்தது அவள் உட்கார்ந்திருந்த பாசி ஓரத்தில் மட்டும்தான். நானும் அங்கேயே உட்கார்ந்தேன். ஞாயிறு மாலைக்குள் நான்கு. ஐந்தாவதை அவளே என் வாளியில் போட்டாள்.

"எடத்த ஒருத்தர்ட்டயும் சொல்லிறாத."

"சொல்ல மாட்டேன்க்கா."

ஆய்வேட்டில், மீன் சேகரித்த இடத்துக்கென்று ஒரு பக்கம் உண்டு. கலுங்கு, பாசி, அம்புக்குறி எல்லாம் போட்டு வரைபடமே வரைந்தேன். அதுவும் சொல்வதுதான் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அடுத்த வருடம் ஜூனியர்கள் அதைப் பார்த்து வலையோடு போய் இறங்கிவிட்டார்கள்.

பிறகொரு நாள் செல்வியைப் பார்த்தேன். "படம் போட்டுக் குடுத்திட்டியாமே" என்றாள். சிரிக்கவில்லை.

இப்போது என் மாணவர்கள் தூண்டில் வாங்கிய அன்றே, "மேம், லொகேஷன் அனுப்புங்க" என்கிறார்கள். கரையைச் சுற்றி நடங்கள், குமிழியைப் பாருங்கள் என்கிறேன்.

"அதுக்கெல்லாம் டைம் இல்ல மேம்."

எனக்கும் அப்போது இல்லைதான்.

காளவாசலுக்குப் போகும் அவசரத்திலும், அந்தக் கண்மாய் வந்தால் கழுத்து தானாகத் திரும்புகிறது. சில நாள் கலுங்கு ஓரம் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். வண்டியை நிறுத்துவதில்லை...

நிறுத்தினால், மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிடுவேன்.