எதிர்த்திசையில் உருண்ட நாலு டயர்

என் வீட்டுக்காரர் அங்கமுத்துவுக்குக் கோபமும் வராது, பொய்யும் வராது என்று சேந்தமங்கலம் ரோட்டில் எல்லோரும் சொல்வார்கள். கோபம் வராது என்பது சரிதான். மற்றதைப் பற்றி என்னிடம் கேட்டிருக்க வேண்டும்.

நாமக்கல் லாரிப் பட்டறைகளில் இருபத்திரண்டு வருடம் டயர் கழற்றி மாட்டியவர் அவர். டயர் மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டினால் போதும், வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது, டிரைவர் எப்படி பிரேக் பிடிக்கிறான் என்று சொல்லிவிடுவார். அந்தப் பெயரை நம்பித்தான் கார்களுக்கென்று இங்கே கடை போட்டோம். காற்றுப் பிடிப்பதும் போன் எடுப்பதும் நான், டயர் அவர்.

கலைமணி கொல்லிமலையில் கிராம சுகாதார செவிலியர். முப்பத்தெட்டு வயதில் கார் ஓட்டப் பழகி, எழுபது கொண்டை ஊசி வளைவையும் தினமும் தானே ஏறி இறங்கினாள். அவள் வீட்டில் அதற்கு நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. வாங்கியது பழைய கார். முன்னால் வைத்திருந்தவர் ஆசைப்பட்டு மாட்டிய டயர்கள் அதில் இருந்தன. ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய டயர்கள் அவை. எந்தத் திசை என்று பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருக்கும்.

ஆடி மாதம் டயர்களை இடம் மாற்றிப் போட வந்தாள். லாரிக்குச் செய்கிற மாதிரி இவர் குறுக்கே மாற்றினார். முன்னால் இடது பக்கம் இருந்தது பின்னால் வலது பக்கம் போனது. அம்பைப் பார்க்கவே இல்லை. பழகின கைக்குக் கண் எதற்கு என்கிற திமிர்தான், வேறென்ன?

புரட்டாசியில் திரும்ப வந்தாள்.

"அறுபதைத் தாண்டுனா உம்முன்னு ஒரு சத்தமுங்கண்ணா. மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குது."

இவர் டயரைத் தடவினார். ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பு, எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பப் பல். டயர் மேலிருக்கும் ஒவ்வொரு ரப்பர் கட்டையும் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. அப்போதுதான் அம்பு கண்ணில் பட்டது. நான் காற்றுக் குழாயோடு பக்கத்திலேயே நின்றேன். அவர் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். பழைய லாரிக்காரர்கள் நாலு பேர், இவர் கைராசியைப் பேசிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டி மேல தப்பில்லீங்க நர்சம்மா," என்றார். "வளைவுல பிரேக்க மிதிச்சு மிதிச்சு ஓட்டறீங்க, டயரு வெட்டு வாங்கிருச்சு. மலை ஓட்டறதுக்கு ஒரு கை வேணுமுங்க."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

"ஏனுங்க, அம்பு எதிர்ப்பக்கமா இருக்குதுங்களே?" என்று கேட்டேன்.

"அடுத்த தடவை வாரப்ப மாத்திப் போட்டர்றேன். நீ கம்முனு இரு."

நானும் கம்மென்று இருந்தேன்.

அவள் வரவில்லை. ஐப்பசி மழை பிடித்தது. எதிர்ப்பக்கம் மாட்டிய டயர் ஈர ரோட்டில் தண்ணீரை வெளியே தள்ளாது, வழுக்கும் என்று அவருக்குத் தெரியும். கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் தட்டில் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவார். கடைசியில் என்னைப் போன் போடச் சொன்னார். "காரை நிறுத்திட்டனுங்கக்கா. பஸ்ஸுலதான் போறேன்," என்றாள் கலைமணி. அன்றைக்கு இவர் வயிறாரச் சாப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரசவ வலி என்ன பஸ் நேரம் பார்த்தா வரும்?

தை பிறந்து ஒரு வாரம் கழித்து அந்தக் காரை ஓட்டிக்கொண்டு கலைமணி கடைக்கு வந்தாள்.

"சேலத்துல ஃபேர்லேண்ட்ஸ்காரரு ஒருத்தரு வாங்கிக்கறேங்கறாரு. டயரை மட்டும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்கண்ணா. எனக்குக் கீழ ஜலகண்டாபுரத்துக்கு மாத்தல் வந்துருச்சு. திங்கக்கிழமை போய்ச் சேரோணும்."

"ஏனுங்க நர்சம்மா, திடீர்னு?"

"நாந்தான் எழுதிக் குடுத்தேன். போன மாசம் ஒரு புள்ளைக்கு வலி வந்தப்ப நான் கீழ பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தேன். நல்ல வேளை, மேல இருந்தவங்க பாத்துக்கிட்டாங்க. மலையில ஓட்டற கை எனக்கில்லீன்னு நீங்களே சொன்னீங்கள்ல? அப்பறம் அங்க இருந்து என்ன பண்றது?"

இவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"தப்பு என்னுதுங்க. டயர எதிர்ப்பக்கமா மாட்டுனது நானு. அன்னைக்கே தெரியும். நாலு பேரு முன்னால சொல்ல வாய் வரலீங்க."

அவள் கத்தவில்லை. குனிந்து அந்த அம்பை விரலால் தொட்டாள்.

"அப்ப நான் ஒழுங்காத்தான் ஓட்டியிருக்கேனுங்களா?"

"ஒழுங்காத்தான் ஓட்டியிருக்கீங்க."

"மலையிலயும்?"

"மலையிலயும்."

நாலு டயரையும் சக்கரத்திலிருந்து பிரித்துத் திருப்பி மாட்டினார். மாட்டினாலும் சத்தம் உடனே போகாது, தேய்ந்தது தேய்ந்ததுதான் என்று சொன்னார். அவள் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. மாற்றல் உத்தரவைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தாள். மலைக்கு வேறு ஆள் இன்னும் போடவில்லை என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டாள்.

காரில் ஏறி உட்கார்ந்தவள் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இது உங்களுக்குந் தெரியுமா?"

"தெரியும்," என்றேன்.