ஐந்து மணிக்குள்

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில் அவருக்கு உயிரான சொல் 'பை'. "பை ஃபைவ் வந்துடுவேன்" என்பார். அதாவது ஐந்து மணிக்குள். ஐந்தைத் தாண்டக் கூடாது, அதற்கு முன்னால் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஒருநாளும் தாண்டியதில்லை என்று அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

போன வாரம் அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் உடைந்தது. பிளம்பரும் "பை ஃபைவ்" என்றார். மனைவி வேலைக்குப் போய்விட, மெக்கானிக் லீவு போட்டுக் காவல் காத்தார். குளிக்கப் போகவில்லை, மணி அடித்தால் யார் திறப்பது? லிஃப்ட் சத்தத்துக்கெல்லாம் எழுந்து எழுந்து முழங்கால் வலித்ததுதான் மிச்சம். ஐந்தடிக்கக் கொஞ்சம் முன்னால் பிளம்பர் சிரித்துக்கொண்டே வந்தார். திட்ட வாயைத் திறந்தவருக்குத் திட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. மனுஷன் சொன்ன சொல் தவறவில்லையே!

"எப்படிங்க இருந்துச்சு உங்க பை ஃபைவ்?" என்றாள் வீடு திரும்பிய மனைவி.

"இத்தனை நாளா ஊரையே இப்படித்தான் உட்கார வெச்சேனா? என்னைச் செருப்பால அடிக்கணும்!"

அப்போது போன் அடித்தது. ஒரு அம்மாவின் மெஷின் ஓடவில்லையாம். நாளைக்கு எப்போது வருவார் என்று கேட்டாள். திருந்திய மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார்.

"இனிமே குத்துமதிப்பே கிடையாதும்மா. கரெக்டா சொல்றேன்," என்றார். "பை ஃபைவ்."