சேற்றுச் சில்லு

2003ஆம் ஆண்டு, போர்நிறுத்தத்தில் ஏ-9 பாதை திறந்திருந்த காலம். முரசுமோட்டையில் இரஞ்சிதத்தின் பக்கத்து வயல்காரி கௌசலா புதிதாக ஒரு லாண்ட்மாஸ்டர் வாங்கினாள். கையால் பிடித்து உழும் அந்தச் சின்ன இயந்திரத்தின் சத்தம் கேட்டாலே இரஞ்சிதத்துக்கு நெஞ்சு பொருமும். விலையை அறிந்தபோது இன்னும் எரிந்தது. அதே கிளிநொச்சிக் கடைக்காரர் முன்பு தனக்குச் சொன்னதைவிட அது நன்றாகக் குறைவு. "கௌசலாவுக்குத் தந்த விலைக்கு எனக்கும் தாங்கோவன்" என்று கேட்டும் அவர் அசையவில்லை.

கோபத்தோடு பஸ் ஏறி, ஓமந்தையில் இராணுவச் சோதனைக்கு இறங்கி நின்று, வவுனியாவில் உழவு இயந்திரம் விற்கும் நவ்பரின் கடைக்குப் போனாள். முரசுமோட்டை என்றதும் அவர் சிரித்தார்.

"உங்கட ஊர் அக்கா ஒராள் மூண்டு தரம் வந்தவ. என்னட்ட விலையை எழுதி வாங்கி, அதைக் காட்டிக் கிளிநொச்சியில குறைச்சு எடுத்திட்டா."

இயந்திரத்தின் மேல் இருந்த பொறாமை இப்போது கௌசலாவின் மூளையின் மேல் ஏறியது. தனக்கு ஏன் இது தோன்றவில்லை?

"எனக்கும் எழுதித் தாங்கோ தம்பி."

"இனி எழுத மாட்டன். வாங்கிறதெண்டா கதைப்பம்."

இரஞ்சிதம் கதிரையை விட்டு எழும்பாமல் மத்தியானம் வரை கதைத்தாள். கௌசலா கொடுத்த விலைக்கு வந்ததும் நவ்பர் அதற்குக் கீழே இறங்க மறுத்தார்.

"அப்ப சேத்து உழவுக்கு ரயருக்குப் பதிலாப் போடுற இரும்புச் சில்லு ரெண்டையும் சும்மா தாங்கோ."

அவர் களைத்துப்போய்த் தலையாட்டினார்.

இயந்திரம் வந்திறங்கிய அன்று கௌசலா வேலியைக் கடந்து வந்து அந்தச் சில்லுகளைத் தடவிப் பார்த்தாள்.

"எனக்குக் கிளிநொச்சிக் கடைக்காரர் இதுக்கு வேற காசெல்லோ எடுத்தவர், அக்கா" என்றாள். அவள் முகம் சுண்டிப்போனது.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று இரஞ்சிதத்துக்குத் தெரிந்தது. ஆனால் உள்ளே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.